பன்னிரண்டு துளைச் சக்கரங்கள்

நல்லக்கண்ணு தன் எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒருவர் வீட்டுக்குள் கொல்லை வழியாக நுழைந்தார். அதுவும் பெண் கொடுத்த வீடு. அதுவும் சம்பந்தி ஊரில் இல்லாத நேரம் பார்த்து. தஞ்சாவூரிலிருந்து தாராசுரம் வரும் வழி நெடுக பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "இது நமக்குத் தகுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு வந்தார். தகாதுதான். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

"சீக்கிரம்ப்பா," என்றாள் மகள் வானதி. அவள் கண் வாசல் பக்கமே இருந்தது. "பெரியத்தை கடைக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

கொல்லையை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய அம்பாசிடர் ஒன்று துணி போர்த்தி நின்றது. சம்பந்தி அன்பரசன் முப்பது வருஷம் வாடகைக்கு ஓட்டிய கார். கல்யாண ஜோடிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி இறக்கி, அந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, மகன் சேரனைப் படிக்கவைத்து, இப்போது ஓட்டமில்லாமல் ஓய்ந்து நிற்கிறது. அதன் சக்கரங்கள் மட்டும் வேறெந்த அம்பாசிடரிலும் காணக் கிடைக்காதவை. மலையிறங்கும்போது பிரேக் சூடாகாமல் காற்றோட்டம் இருக்கட்டும் என்று, வாலிப வயதில் அன்பரசன் நான்கு ரிம்முகளிலும் வட்டமாகப் பன்னிரண்டு துளை போடவைத்திருந்தார். அந்தத் துளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

நல்லக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சொடக்கு விட்ட சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. பையிலிருந்து டேப்பை எடுத்தார். சர்வேயராக இருந்தபோது கடைசிவரை கூடவே இருந்த டேப். நுனி வளையம் எப்போதோ அறுந்து, முதல் பத்து சென்டிமீட்டரில் எழுத்து அழிந்துபோனது. பத்து என்ற கோட்டில் பிடித்துத்தான் அளப்பது வழக்கம். வழக்கப்படியே பிடித்தார். டயரின் அடியிலிருந்து உச்சிவரை எழுபத்தெட்டு. ரிம்மின் குறுக்கே ஐம்பத்தொன்று. நோட்டில் எழுதினார். டயரின் அகலத்தைச் சின்ன ஸ்கேலால் அளந்துகொண்டார்.

"யாரு கொட்டாயில?" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்பரசனின் அக்கா காத்தாயி.

"நான்தான் பெரியத்தை! கோழி பூந்துடுச்சு, வெரட்டிட்டு இருக்கேன்!" என்றாள் வானதி.

கிராமம் கிராமமாக நிலம் அளந்து, கல் நட்டு, மிராசுதார்களையே குடை பிடித்துக் காத்திருக்க வைத்த நல்லக்கண்ணு, கோழியாகிப் படல் வழியே வெளியே வந்தார். தெருமுனை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாம் ஒரு கட்டிலால் வந்த வினை.

மூன்று வருஷத்துக்கு முன் வானதியின் கல்யாணச் சீரில் தேக்குக் கட்டில் ஒன்று கொடுத்தார். மரம் பார்த்து வாங்கி, தச்சர் பக்கத்திலேயே நின்று அளவு சொல்லிச் செய்தது. மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் அறைக்குள் பாகங்களைப் பூட்டி நிறுத்திய அன்றே, அது ஒரு பக்கம் டக்கென்று ஆடியது. காத்தாயி செய்தித்தாளை எட்டாக மடித்து ஒரு காலுக்கடியில் வைத்துவிட்டு, வந்திருந்த உறவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "ஊரு நெலத்தையெல்லாம் அளந்தவரு, கட்டிலு காலை அளக்க மறந்துட்டாரு போல," என்றாள். அன்றைக்குச் சிரித்தது ஒரு வீடு. அதற்குப் பிறகு அது வீட்டுப் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஸ்டூல் ஆடினால், தண்ணீர்க் குடம் சாய்ந்தால், வீட்டுக்கு வந்தவர் நாற்காலி கிறீச்சிட்டால், "அளவுக்காரரு வீட்டுக் கட்டிலு" என்பார்கள். வானதி தினமும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் சோறு பரிமாறினாள்.

நல்லக்கண்ணுவின் அப்பா கீழ்வேளூர்ப் பக்கத்தில் பிறத்தியார் வயலில் நடவும் அறுப்புமாகவே காலத்தைக் கழித்தவர். சொந்தமாக அளக்க ஒரு குழி நிலம் கிடையாது. அந்தத் தெருவிலிருந்து முதலில் அரசாங்க வேலைக்குப் போனவர் நல்லக்கண்ணு. அப்பா கூலிக்கு இறங்கிய அதே வயலை, பிறகு ஒருநாள் நல்லக்கண்ணு சங்கிலி போட்டு அளந்தார்; மகன் சொன்ன இடத்தில்தான் எல்லைக்கல் நடப்பட்டது. "நல்லக்கண்ணு அளந்தா கோர்ட்டுக்குப் போனாலும் அதே அளவுதான்" என்று ஊர் சொன்னது. குடும்பத்துக்கு இருக்கிற சொத்து அந்தப் பேச்சு ஒன்றுதான். அதைத்தான் ஒரு மடித்த காகிதத்தை வைத்துக் கட்டில் காலுக்கடியில் நசுக்கிவிட்டாள் காத்தாயி.

இப்போது அன்பரசனுக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் மணிவிழா. சம்பந்தி வீட்டார் சபையில் சீர் வைக்க வேண்டும். வேட்டி, புடவை, பழத்தட்டு எல்லாரும் வைப்பதுதான். இந்த முறை, காத்தாயி வாயைத் திறக்க முடியாதபடி ஒன்றை வைக்க வேண்டும் என்று நல்லக்கண்ணு முடிவு செய்தார். அன்பரசனின் காரையே எட்டில் ஒரு பங்கு அளவில் செய்து வைப்பது. ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளம். கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்காரர், தன் பக்கத்து வீட்டில் நிற்கும் அதே வகைக் காரை அளந்து, பித்தளைத் தகட்டைத் தட்டி உடலைச் செய்துவிட்டார். முகப்புக் கம்பிகூட அச்சு அசல். ஆனால் சக்கரத்துக்குக் கைவிரித்துவிட்டார்.

"இது கடைசல்ல வர்ற வேலைங்க. நான் தட்டினா தட்டாத்தான் வரும், சக்கரமா வராது. லேத்துல குடுங்க."

கடையில் விற்கும் பொம்மைக் கார்களின் சக்கரங்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, எதிலும் பன்னிரண்டு துளை இல்லை. அன்பரசன் ஒரு வண்டியைக் கண்டால் முதலில் குனிந்து சக்கரத்தைத்தான் பார்ப்பார். துளை ஒன்று குறைந்தாலும் போதும், மிச்சத்தைக் காத்தாயி பார்த்துக்கொள்வாள்.

தஞ்சாவூரில் புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் ஹம்தானின் லேத் பட்டறை. முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான். தை மாதக் கடைசி, சம்பா அறுவடை உச்சத்தில் இருந்ததால், பட்டறை முழுக்க அறுவடை மெஷின்காரர்கள் உடைந்த ஷாஃப்டும் தேய்ந்த புல்லியுமாகக் குந்தியிருந்தார்கள். நல்லக்கண்ணு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, தன் வரைபடத்தை விரித்தார். பென்சிலில் போட்டு, மையில் ஏற்றி, அசல் அளவுகளை எழுதி, எட்டால் வகுத்து, ஓரத்தில் பெயர், கையெழுத்து, தேதி. மேல் மூலையில் ஒரு அம்புக்குறி.

ஹம்தான் நெடுநேரம் பார்த்தான். "இது என்னங்கய்யா அம்பு?"

"வடக்கு."

"சக்கரத்துக்கா?"

"வரைபடம்னா வடக்கு காட்டணும் தம்பி. அதான் முறை."

"சுத்துமேங்கய்யா. வடக்கு எங்க நிக்கும்?" என்று ஒரு மெஷின்காரர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நல்லக்கண்ணு சிரிக்கவில்லை.

ஹம்தானும் சிரிக்கவில்லை. அவன் விரல் ஓர் எண்ணின் மேல் நின்றது. "ஐயா, அம்பாசிடர்னா பதினஞ்சு இஞ்ச் ரிம்மு. ஓரத்தோட சேர்த்தாலும் நாப்பத்தொரு சென்டிமீட்டருக்கு மேல வராது. நீங்க அம்பத்தொண்ணுன்னு கணக்குப் போட்டிருக்கீங்களே?"

"அது எங்க சம்மந்தி தனியா வேலை செஞ்சு போட்ட ரிம்மு. துளையெல்லாம் போட்டது. மத்த வண்டி மாதிரி இருக்காது."

"துளை போட்டா ரிம்மு வளராதுங்களே..."

"தம்பி, முப்பத்தெட்டு வருஷம் சர்க்காருக்கு அளந்து குடுத்தவன் நான். ஒரு அங்குலம்கூட மாத்தாம, இந்தக் காகிதத்துல என்ன இருக்கோ அதைக் கடைஞ்சு குடுங்க."

ஹம்தான் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு காகிதத்தை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தான். ரிம்முக்கு அலுமினியம், டயருக்குக் கறுப்பு நைலான், நாலும் ஒரே கட்டையில் அறுத்தெடுப்பது என்று பேசி முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் நல்லக்கண்ணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஒரு ஃபோன், மாலையில் ஒரு ஃபோன். துளை சரியாகப் பன்னிரண்டுதானே, பதினொன்று போட்டுவிட்டு இடம் பத்தவில்லை என்று சொல்லிவிடாதே என்பார். அச்சு நடுவில் இருக்கிறதா என்பார். "இருக்குங்கய்யா" என்று ஒரே பதில்தான் வரும். மனைவி நீலாம்பாள் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "வானதி பொறந்தப்பகூட நீங்க இப்படி ஆஸ்பத்திரி வாசல்ல நடக்கலைங்க."

விழா ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை சக்கரங்கள் கைக்கு வந்தன. ஒரு துணிப்பையில் நான்கு, கனமாக, குளிர்ச்சியாக, பளபளவென்று. துளைகளை எண்ணினார். பன்னிரண்டு. நான்கிலும் பன்னிரண்டு. பஸ்ஸில் கும்பகோணம் போகும்போது பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பாபநாசம் தாண்டும்போது ஒரு பெண், "கொழந்தையா சாமி?" என்று கேட்டாள்.

பட்டறைக்காரர் காரைத் தலைகீழாகக் கவிழ்த்து முதல் சக்கரத்தை மாட்டப் போனார். அது மட்கார்டின் விளிம்பில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் நின்றது. பின் சக்கரம் உள்ளேயே போகவில்லை.

"பெருசா இருக்குங்களே," என்றார்.

"நீங்க தட்டின உடம்பு சிறுசா இருக்கும்."

பட்டறைக்காரர் கோபப்படவில்லை. பக்கத்து வீட்டு வாசலுக்கே அழைத்துப்போனார். அங்கே அசல் கார் நின்றது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினார். உள்ளங்கை தாராளமாகப் போய்வந்தது. "இதை எட்டால வகுத்து உள்ள வெச்சா இடிக்கவே இடிக்காதுங்க. கடைசல்லதான் கோளாறு."

 இன்னும் மூன்று நாள். காத்தாயியின் குரல் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது. நல்லக்கண்ணு காரின் உடலை ஒரு சாக்கில் சுற்றி, சக்கரப் பையையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே தஞ்சாவூர் திரும்பினார். வழியெல்லாம் கோபத்தை வளர்த்துக்கொண்டே வந்தார். கோபம் இருக்கும்வரை பயம் தெரியவில்லை.

ஹம்தானின் பட்டறையில் அன்றைக்கும் நான்கு மெஷின்காரர்கள் இருந்தார்கள். நல்லக்கண்ணு பையை மேசையில் கவிழ்த்தார். சக்கரங்கள் உருண்டு, ஒன்று தரையில் விழுந்தது.

"இது என்ன வேலை தம்பி? ஒரு சக்கரம் அளவாக் கடையத் தெரியாதவங்க போர்டு எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க? உங்களை நம்பி என் மானத்தையே குடுத்தேன்!"

 ஹம்தான் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு, கீழே விழுந்த சக்கரத்தை எடுத்து, தூசியை ஊதினான். மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் வெர்னியர் கருவியை அதன் மேல் வைத்து, அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"தொண்ணூத்தேழரை மில்லிமீட்டர். படிச்சுப் பாருங்க ஐயா."

கண்ணாடிக்கு அடியிலிருந்த வரைபடத்தை எடுத்து விரித்தான். தொண்ணூற்றேழரை. கீழே அவருடைய கையெழுத்து. மேலே வடக்கு.

 நல்லக்கண்ணு யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, சாலையோரப் புங்க மரத்தடியில் கிடந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார். எழுபத்தெட்டு. தன் கண்ணால் படித்தது. தன் கையால் எழுதியது. எழுபத்தெட்டை எட்டால் வகுத்தால் தொண்ணூற்றேழரை மில்லிமீட்டர்தான். வகுத்தலில் தவறில்லை. டேப்பைப் பையிலிருந்து எடுத்து இழுத்துப் பார்த்தார். பத்து, இருபது, முப்பது. எழுத்து அழிந்த நுனி அவர் மடியில் சுருண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 

இருதயசாமிக்கு ஃபோன் போட்டார். கடைசிப் பதினோரு வருஷம் அவரிடம் செயின்மேனாக இருந்தவர். டேப்பின் மறுமுனையை எப்போதும் அவர்தான் பிடிப்பார். இப்போது வேளாங்கண்ணிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார்.

"ஐயா! என்னங்கய்யா, நல்லாருக்கீங்களா? அம்மா நல்லாருக்காங்களா?"

"இருதயசாமி, ஒண்ணு கேக்கறேன். நம்ம டேப்பை எங்க புடிப்போம்?"

"பத்துலதாங்கய்யா. அதுக்கு முன்னாடிதான் எழுத்தே கெடையாதே."

"பத்துல புடிச்சா... பத்தைக் கழிக்கணும்ல?"

"ஆமாங்கய்யா. நான்தான் கழிப்பேன்."

"நீயா?"

"நீங்க அங்கேருந்து சத்தமாப் படிப்பீங்க. நான் பத்தைக் கழிச்சுத் திருப்பிச் சொல்லுவேன். நீங்க அதை எழுதிக்குவீங்க. நம்ம பழக்கம் அப்படித்தானே?"

"இதை நீ ஒருநாள்கூட எங்கிட்டச் சொன்னதில்லையே."

"இதுல சொல்றதுக்கு என்னங்கய்யா இருக்கு? வேலை நடந்துச்சு."

 பெரிய பயம் ஒன்று இப்போதுதான் நல்லக்கண்ணுவின் எதிரில் வந்து நின்றது. "அப்ப, நாம நட்ட கல்லு..."

இருதயசாமிக்குப் புரிந்துவிட்டது. குரல் தாழ்ந்தது. "ஐயா, ஒரு கல்லுகூடத் தப்பா நடலைங்கய்யா. நான் ஒருநாள்கூட லீவு போட்டதில்லையே. மாதா மேல ஆணையாச் சொல்றேன். ஏங்கய்யா, இப்ப எதையாச்சும் அளந்தீங்களா?"

"அளந்தேன். தனியா."

"தனியா ஏங்கய்யா அளந்தீங்க?" என்றார் இருதயசாமி, குழந்தை தனியாக ரோட்டைத் தாண்டியதைக் கேட்டவர் போல.

ஃபோனை வைத்துவிட்டு வானதியை அழைத்தார். அவள் தையல் டேப்போடு கொட்டகைக்குப் போய், பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். "அறுபத்தெட்டுப்பா. ரிம்மு நாப்பத்தொண்ணு. ரெண்டு தடவை பாத்துட்டேன்." ஹம்தான் அன்றைக்குச் சொன்ன அதே நாற்பத்தொன்று.

பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். வேறொரு லேத்துக்காரனைத் தேடிப் போகலாம். தஞ்சாவூரில் லேத்துக்கா பஞ்சம்? யாருக்கும் எதுவும் தெரியாது. பலகையில் உட்கார்ந்து அதையும் நினைத்துப் பார்த்தார். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. குற்றம் சொன்னது நாலு பேர் நடுவில். அந்த நாலு பேரும் ஷாஃப்ட் முடிந்து கிளம்பிவிட்டால் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? எழுந்து, வேட்டியை உதறி, நேராக நடந்து உள்ளே போனார். இந்த முறை நாற்காலி கேட்கவில்லை.

"தம்பி, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

ஹம்தான் நிறுத்தினான்.

"இவங்க முன்னாடி உங்களைப் பேசிட்டேன். அதனால இவங்க முன்னாடியே சொல்றேன். நீங்க கடைஞ்சது சரி. நான் அளந்ததுதான் தப்பு. பத்து சென்டிமீட்டர் கூட்டி எழுதிட்டேன். நீங்க அன்னிக்கே கேட்டீங்க, நான்தான் காது குடுக்கலை. மன்னிச்சுக்கங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவர் வாயிலிருந்து எத்தனை வருஷத்துக்குப் பிறகு வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. முதுகு மட்டும் வளையவில்லை.

ஹம்தான் நெற்றியைச் சொறிந்தான். "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தாங்கய்யா. ஆனா கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, வடக்கு வேற காட்டிட்டீங்க. அதுக்கு மேல எப்படி எதிர்த்துப் பேசறது?"

மெஷின்காரர்கள் சிரித்தார்கள். முதலில் கேலி செய்த அதே மனிதர் எழுந்து தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க பெரியவரே. நான்கூடப் போன வாரம் கிலோமீட்டர் கல்லைப் பாத்து வேற ஊரு வயல்ல மெஷினை எறக்கிட்டேன்."

"ஞாயித்துக்கிழமை விசேஷம் தம்பி," என்றார் நல்லக்கண்ணு. "டயரை மட்டும் சீவிக் குறைக்க முடியாதா?"

"குறைச்சா ரிம்மு பெருசாவும் டயரு வளையலு மாதிரியும் நிக்கும். உங்க சம்மந்தி பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாரு. புதுசாத்தான் கடையணும். ஆனா..." ஹம்தான் காத்திருந்தவர்களைப் பார்த்தான். வானம் இரண்டு நாளாக மூடிக்கிடந்தது. ரேடியோவில் மழை சொல்லிவிட்டார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் கதிர் சாய ஆரம்பித்துவிட்டது.

அவன் கேட்குமுன் நல்லக்கண்ணுவே சொன்னார்: "ஷாஃப்ட்டு முதல்ல. வயல்ல நிக்கறது ஒருத்தரோட ஒரு வருஷச் சோறு. எங்க சீரு அதுக்கப்புறம்."

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தரப் பாக்கறேங்கய்யா. சத்தியம் பண்ணமாட்டேன்."

வெள்ளி முழுதும் அவர் ஃபோன் செய்யவில்லை. செய்யாமல் இருப்பது செய்வதைவிடக் கொடுமையாக இருந்தது. சனி மதியம் தூறல் போட்டது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவை மின்விசிறி நிற்கும்போதும் அந்த லேத் நின்றிருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆறரைக்கு ஹம்தானே கூப்பிட்டான். பட்டறையிலேயே நான்கையும் மாட்டிக் கொடுத்தான். மட்கார்டுக்குள் சக்கரம் அலுங்காமல் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, நாலு மூலையிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. நீலாம்பாளை அழுத்தச் சொன்னார். ஆடவில்லை. "தூங்கவிடுங்க காரை," என்றாள் அவள்.

திருக்கடையூரில் அன்றைக்கு ஒரே நாளில் முப்பது ஜோடிக்கு மாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் புகையும் பட்டு வேட்டியும், வெட்கப்படும் கிழவிகளுமாக இருந்தது. அபிஷேகம் முடிந்து, வாடகை மண்டபத்தில் சீர் வைக்கும் நேரம் வந்தது. நல்லக்கண்ணுவும் நீலாம்பாளும் பட்டுத்துணி மூடிய பெரிய தட்டைச் சபையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"என்ன சம்மந்தி, மூடி எடுத்தாறீங்க?" என்றாள் காத்தாயி, முன்வரிசையிலிருந்து. "கட்டிலைவிடச் சின்னதாத்தான் தெரியுது. எங்ககிட்ட மடிச்ச பேப்பரு இருக்கு, பயப்படாதீங்க!"

அன்பரசன் துணியை விலக்கினார். பேச்சு நின்றது. மாலையும் கழுத்துமாக அந்த அறுபது வயது மணமகன் தரையில் குந்தி உட்கார்ந்தார். எதிர்பார்த்தபடியே முதலில் சக்கரத்தைப் பார்த்தார். விரல் நுனியால் துளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. பன்னிரண்டில் நின்றது. காரை ஒரு பக்கம் தூக்கி, சக்கரத்தைச் சுண்டிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தானாக நிற்கும்வரை அவர் மூச்சுவிடவில்லை. நல்லக்கண்ணுவும் விடவில்லை.

"கோட்டமே இல்ல," என்றார் அன்பரசன். கண் கலங்கியிருந்தது. "என் வண்டி சம்மந்தி இது. யாரு அளவு எடுத்தது? நீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபையே கேட்கக் காத்திருந்தது.

"நான் எடுத்த அளவு தப்பாப் போச்சுங்க," என்றார் நல்லக்கண்ணு. "எங்க செயின்மேன் இருதயசாமி சொல்லித்தான் தெரிஞ்சுது. சரியான அளவு உங்க மருமக எடுத்தது. கடைஞ்சவரு தஞ்சாவூர்ல ஹம்தான்னு ஒருத்தரு."

"அளவுக்காரரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரா!" காத்தாயிக்கு அன்றைக்கு இதைவிட வேறென்ன சீர் வேண்டும்? எழுந்து வந்தாள். காரைத் தட்டிலிருந்து தூக்கித் தரையில் வைத்தாள். ஒரு மூலையில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினாள்.

டக்.

இன்னொரு தரம் அழுத்தினாள். டக். ஒரு சக்கரம் தரையில் படாமல் மயிரிழை தூக்கி நின்றது.

"நான் சொல்லலை? அளவுக்காரரு வீட்டுக் கட்டிலுதான்!"

சிரிப்பு கிளம்பியது. நீலாம்பாள் தலை குனிந்துகொண்டாள். வானதி தூணைப் பிடித்தாள்.  வீட்டில் ஆடவில்லை. வரும் வழியில் ஆணி தளர்ந்ததா? வேன் குலுக்கியதா? நல்லக்கண்ணுவுக்குக் குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

"அக்கா, கையை எடு," என்றார் அன்பரசன். காரைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, இரண்டு அடி தள்ளி வைத்தார். அழுத்தினார். சத்தமில்லை. நாலு மூலையிலும் அழுத்தினார். சத்தமில்லை. திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். டக்.

"தரைக்கா. மண்டபத்துக்காரன் டைல்ஸைப் பள்ளமா ஒட்டியிருக்கான். வண்டி ஆடுதுன்னா முதல்ல எடம் மாத்தி நிறுத்திப் பாக்கணும். ஓட்டுனவனைக் கேளு, சொல்லுவான்."

சிரிப்பு அடங்கியது. காத்தாயி, "அப்படியா?" என்று மட்டும் சொன்னாள். நல்லக்கண்ணு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வானதி பின்னால் வந்து குனிந்தாள். அவள் மூச்சு காதில் சுட்டது.

"அப்பா... அந்தக் கட்டிலைப் பூட்டின எடத்துலேருந்து ஒருநாள்கூட நகத்தினதில்லப்பா. இந்த மூணு வருஷமா."

 சொல்லிவிடலாம். இப்போதே, இந்தச் சபையிலேயே, ஒரே வாக்கியம் போதும். எதிரில் அன்பரசன் மாலையோடு தரையில் உட்கார்ந்து, சக்கரத்தைச் சுண்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வீடு. அவர் போட்ட தரை.

"இன்னிக்கு வேணாம்மா," என்றார். "அவரோட நாளு இது. நாளைக்கு நீயே தள்ளிப் போட்டுப் பாரு. ஆடலைன்னா பேப்பரை எடுத்துக் குப்பையில போட்டுடு. யாருகிட்டயும் சொல்லாத."

"ஆடுச்சுன்னா?"

நல்லக்கண்ணு மடியில் கிடந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆடுச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணு. இருதயசாமியையும் கூட்டிக்கிட்டு வந்து அளக்கறேன். வாசல் வழியா."

முன்னால் காத்தாயி இன்னும் விடவில்லை, தம்பியிடமிருந்து காரை வாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் ஒவ்வொரு இடமாகக் காரை வைத்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நல்லக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டார்.